இருபத்து மூன்றாவது ஒத்திகை

அவளுடைய உண்மையான பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி அந்த முதியோர் இல்லத்தில் மேனேஜரம்மாவிலிருந்து மாடியில் படுத்த படுக்கையாக இருந்தவர்கள் வரை எல்லோருக்கும் அவள் பஞ்சுதான். ஐம்பத்திரண்டு வயது மனுஷி நாற்பத்தொரு கிலோ இருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பட்டினி கிடந்து அப்படி ஆனவள் இல்லை. வஞ்சனை இல்லாமல் சாப்பிடுவாள். உடம்பில்தான் ஒட்டாது. “போடுறதெல்லாம் எங்கடி போகுது?” என்று அவள் புருஷன் கேட்காத நாள் கிடையாது. அவன் குழாய் வேலை செய்கிறவன். உள்ளே போனது எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

இல்லத்தின் சலவைக்கூடம் கீழ்த்தளத்தில், பின்கட்டில் இருந்தது. இரண்டு துவைக்கும் மெஷின், ஒரு சிமெண்ட் தொட்டி, சுவரோரமாக ஓர் இஸ்திரிப் பலகை. முப்பத்து நாலு கட்டில்களின் விரிப்புகளும் தலையணை உறைகளும் தினமும் அங்கே வந்து சேரும். மெஷின் முரண்டு பிடித்தால் தொட்டியில் போட்டுக் கையால் கும்முவாள். ஈர மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொடிக்கம்பிக்குப் போவாள். இந்த உடம்பில் எங்கிருந்துதான் அவ்வளவு பலமோ!

இந்த மாதிரி இல்லம் நடத்த உரிமம் வேண்டும். உரிமத்தோடு ஒட்டிப் பிறந்தது விதிப் புத்தகம். தீயோ, வெள்ளமோ, நிலநடுக்கமோ, எது வந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று அதில் பக்கம் பக்கமாக இருந்தது. ஒவ்வொரு கட்டிலிலும் தண்ணீர் புகாத பை தொங்க வேண்டும். அதில் ஒரு வார மருந்து, அடையாள அட்டை, வீட்டாரின் போன் நம்பர். ஆபத்தில் ஆட்களை ஏற்றுக்கொள்ள வேறோர் இல்லத்தோடு முன்கூட்டியே ஒப்பந்தம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளியேற்ற ஒத்திகை. அதில் மாடியிலிருந்து படுக்கையாளர் ஒருவரைப் பத்து நிமிடத்துக்குள் வாசலுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

அதற்குக் கீழே ஒரு கருணை வரியும் இருந்தது. ஒத்திகைக்காக நோயாளிகளை அலைக்கழிக்கக் கூடாது, அவர்களுக்குப் பதிலாக ஊழியர் ஒருவர் படுத்துக்கொள்ளலாம் என்று. நல்ல மனசோடு எழுதியதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் எழுதிய மகராசன் ஒன்றை யோசிக்கவில்லை. யாரைப் படுக்க வைப்பார்கள்? சமையல்காரரையா? அவர் வயிற்றைப் பார்த்தாலே தூக்குகிறவனுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். எல்லார் கண்ணும் நேரே சலவைக்கூடத்துக்குத்தான் போயிற்று.

பதினோரு வருஷம், வருஷத்துக்கு இரண்டு தடவை, இருபத்திரண்டு ஒத்திகை. இருபத்திரண்டிலும் நோயாளி பஞ்சுதான். ஆறு கைப்பிடி வைத்துத் தைத்த கெட்டித் துணி ஒன்று உண்டு, தூக்கு விரிப்பு என்று பெயர். அதில் அவளைக் கிடத்தி, வாட்ச்மேன், சமையல்காரர், இரண்டு ஆண் உதவியாளர்கள் என நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். பதின்மூன்று படி, ஒரு திருப்பம், பதினோரு படி. ஆறு நிமிடம். சில தடவை ஐந்தரை. மேனேஜரம்மா படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்: பஞ்சுவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஒத்திகை நாளில் தலைகூட நன்றாக வாரிக்கொண்டு வருவாள். பிறந்ததிலிருந்து மற்றவர்களின் அழுக்கைச் சுமந்த உடம்பு அது. அதை நாலு பேர் பத்திரமாகத் தூக்கிப் போகிறார்கள் என்றால் சும்மாவா? வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் பீற்றிக்கொள்வாள். “கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துல நீங்க ஒரு தடவை தூக்கியிருப்பீங்களா?” என்பாள். “நீ கேட்டியா, நான் மாட்டேன்னேனா?” என்று அவன் திருப்பிக் கேட்பான். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

தூக்குகிறவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. திருப்பம் வரும்போது முழங்காலை மடக்கி மார்போடு சேர்த்துக்கொள்வாள். யாரும் சொல்லித் தரவில்லை, தானாகவே செய்தாள். விரிப்பு வளைந்து, கைப்பிடிக் கம்பியில் இடிக்காமல் அழகாகத் திரும்பிவிடும். கெட்டிக்காரி என்றுதான் அவளே நினைத்துக்கொண்டாள்.

மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் டிரைவர் ஐயா இருந்தார். முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டியவர். வாதம் வந்து வலது கையும் காலும் போய்விட்டன. கால் நீட்டியபடியே விறைத்து நின்றுவிட்டது, யார் என்ன செய்தாலும் மடங்காது. தொண்ணூற்றாறு கிலோ ஆள். இடது கையால் தானே சாப்பிடுவார், தானே முகம் துடைப்பார், யாரையும் எதற்கும் கூப்பிட மாட்டார். பஞ்சு விரிப்பு மாற்ற வந்தால் மட்டும் முகம் மலரும். மூக்கைத் துணியில் வைத்து இழுப்பார். “இது மெஷின்ல காஞ்சது. நேத்து போட்டதுதான் வெயில்ல காஞ்சது. ஏமாத்தப் பாக்காதே” என்பார். அவள் துவைத்த துணியை முகர்ந்து பார்த்துப் பேசிய ஒரே மனிதர் அவர்தான். அதனாலேயே அவருடைய விரிப்பை மழை நாளில்கூட வெயிலுக்குக் காத்திருந்து காயவைப்பாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, மாடியில் மருந்து வைக்கும் குளிர்பெட்டியின் வயர் தீப்பிடித்தது. பெரிய நெருப்பு ஒன்றும் இல்லை. ஆனால் புகை! எதிரில் நிற்கிறவர் முகம் தெரியாத புகை. நடக்க முடிந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். படுத்திருந்தவர்கள் நாலு பேர். ஒடிசலான பாட்டிமார் மூன்று பேரையும் முதலில் இறக்கினார்கள். கடைசியாக டிரைவர் ஐயா.

பஞ்சு அவருடைய மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். மேல்படிகளில் எப்படியோ சமாளித்துவிட்டார்கள். திருப்பத்தில் அந்த விறைத்த கால் கம்பியில் போய் முட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. “காலை மடக்குங்க ஐயா! மடக்குங்க!” என்று வாட்ச்மேன் கத்தினான். “முடியலப்பா” என்றார் அவர், இருமிக்கொண்டே. அவ்வளவுதான். யாரோ ஒருவருடைய பிடி நழுவியது. நாலு படி உருண்டார். நல்லபடியாக இருந்த இடது கையின் தோள் எலும்பு முறிந்தது.

உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். நல்ல கனமான ஆள், அவசரம், புகை, யார் என்ன செய்ய முடியும் என்று பேசி முடித்துவிட்டார்கள். பஞ்சுவுக்கு மட்டும் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மடக்குங்க என்று வாட்ச்மேன் ஏன் கத்தினான் என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷமாக மடங்குகிற கால்களைத்தான் அவன் தூக்கிப் பழகியிருந்தான்.

ஒப்பந்தப்படி எல்லோரையும் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த இன்னோர் இல்லத்துக்கு மாற்றினார்கள். இங்கே வயரை எல்லாம் பிடுங்கி மாற்றி, கரி சுரண்டி, வெள்ளையடித்தார்கள். மெத்தைகள் குப்பைக்குப் போயின. எல்லாம் முடிந்தாலும் விதிப்படி ஆய்வாளர் வந்து பார்த்து, அவர் கண் முன்னால் ஒத்திகை நடத்திக் காட்டினால்தான் ஆட்களைத் திரும்பக் கொண்டுவரலாம்.

அங்கே டிரைவர் ஐயா சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டிருந்தார். சட்டென்று இல்லை. முதலில் பாதி, பிறகு கால், பிறகு இரண்டு வாய். ஊட்டப் போனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். வீட்டு ஏக்கம், பழகிய இடம் வேண்டும், அதுதான் வியாதி என்றார்கள் எல்லோரும். இப்படியே இன்னும் இரண்டு வாரம் போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும், அந்த உடம்பு அதைத் தாங்குமா என்று தெரியாது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். பஞ்சு சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். போன வாரம் அவர் கன்ன எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

“வர்ற புதன்கிழமை ஒத்திகை ஐயா. வெள்ளிக்கிழமை நீங்க உங்க கட்டில்ல இருப்பீங்க. இது என் பொறுப்பு” என்றாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புருஷன் வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய குழாயின் வாஷரை நோண்டிக்கொண்டிருந்தான். பஞ்சு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“என்னங்க, ஒத்திகையில நான் காலை மடக்கிக்குவேன்” என்றாள்.

“சரி.”

“ஒவ்வொரு தடவையும். திருப்பத்துல.”

“மடக்காம? கம்பியில இடிச்சுக்குவியா?” என்றவன் அவள் முகத்தைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தான். அவன் மந்தமான ஆள் இல்லை. வாஷரை விரலில் உருட்டினான். பிறகு, “அதுக்கு நீ என்ன பண்ணுவே? முதல்ல அந்தப் பெரியவர் வீடு வந்து சேரட்டும். நாளைக்கு ஒரு நாள் மடக்கிடு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்” என்றான்.

அவளும் அப்படித்தான் முடிவு செய்தாள். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீரம் காட்டப் போனவள் இல்லை அவள். காலை மடக்கிவிடலாம் என்றுதான் புதன்கிழமை போனாள்.

ஆய்வாளர் ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதைத் தேடிச் சட்டைப்பையைத் தடவுகிறவர். வயரிங் பார்த்தார், பைகளைத் திறந்து மருந்தின் தேதி பார்த்தார், எல்லாம் திருப்தி. “ஒத்திகையும் ஆயிட்டா கையெழுத்துப் போட்டுடலாம்” என்று போனில் நேரம் வைத்தார். மேனேஜரம்மாவுக்கு மூன்று மாதத்தில் அன்றுதான் முகம் தெளிந்தது.

“பஞ்சக்கா, வாங்க. உங்க சீட் ரெடி” என்றார்.

படுத்தாள். நாலு பேரும் தூக்கினார்கள். பதின்மூன்று படி, குலுங்காமல். திருப்பம் வந்தது. மடக்க வேண்டும். மேலே பார்த்தாள். புதிதாக வெள்ளையடித்த கூரை. முடியலப்பா என்று அவர் சொன்னபோது இதே இடத்தில் இதே மாதிரி மல்லாந்து கிடந்துதானே சொன்னார்! கால் மடங்கவே இல்லை. பாதம் போய்க் கம்பியில் டங்கென்று இடித்தது. தூக்கியவர்கள் தடுமாறி நின்றார்கள்.

“காலை மடக்கு பஞ்சு” என்று வாட்ச்மேன் முணுமுணுத்தான்.

“டிரைவர் ஐயாவால மடக்க முடியுமா?” என்றாள் அவள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் படிக்கட்டில் எல்லாருக்கும் கேட்டது. வாட்ச்மேனின் முகம் செத்துவிட்டது. அன்றைக்கு நழுவியது அவன் பிடிதான். அது அவனுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

“பஞ்சக்கா!” என்று மேனேஜரம்மா மேலிருந்து பல்லைக் கடித்தார். “இப்பவா? சாருக்கு முன்னாடியா?”

பஞ்சு விரிப்பிலிருந்து இறங்கி நின்றாள். “சார், நான் நாப்பத்தொரு கிலோ. பதினோரு வருஷமா காலை மடக்கிப் படுத்து உங்களை எல்லாம் ஏமாத்திட்டேன். தெரிஞ்சு செய்யலை. கீழே விழுந்தவர் தொண்ணூத்தாறு கிலோ. அவர் கால் மடங்காது. என்னைத் தூக்கிக் காட்டினா அவரைத் தூக்கின மாதிரி ஆகாது சார்.”

ஆய்வாளர் கண்ணாடியைத் தேடினார். “அதுக்காக நோயாளியைப் படுக்கவச்சுப் பார்க்க முடியாதேம்மா” என்றார்.

“ஒரு பதினஞ்சு நிமிஷம் குடுங்க சார்.”

சலவைக்கூடத்துக்கு ஓடினாள். தொட்டியில் விரிப்புகளைப் போட்டு முக்கினாள். பிழியாமல் எடுத்தால் ஒரு விரிப்பு இரண்டு கிலோ, அந்தக் கணக்கு அவள் கைக்கு மனப்பாடம். பிழியாத விரிப்பு நாற்பத்தைந்தையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, வலது கால் இருக்கும் இடத்தில் இஸ்திரிப் பலகையை வைத்துக் கட்டினாள். உதவியாளர்கள் மூக்கால் அழுதுகொண்டே எல்லாவற்றையும் மாடிக்குச் சுமந்தார்கள். சக்கர நாற்காலி ஏற்றும் தராசில் வைத்தால் தொண்ணூற்று நாலு காட்டியது.

“ரெண்டு கிலோ குறையுது சார். தலையணை வைக்கட்டுமா?” என்றாள். கேலிக்கு இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள். ஆய்வாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மேல்படிகளை இறங்கவே ஆறு நிமிடம் ஆயிற்று. சமையல்காரருக்கு மூச்சு வாங்கியது. திருப்பத்தில் பலகை கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. தூக்கிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், பின்னால் இழுத்துப் பார்த்தார்கள். பத்து நிமிடம் தாண்டியது. பதினொன்றாவது நிமிடம் மூட்டை சரிந்து, அதே நாலு படிகளில் தொம் தொம் என்று உருண்டு, தண்ணீரைக் கக்கிக்கொண்டு கீழே கிடந்தது. வாட்ச்மேன் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். யாரும் அவனை எழுப்பவில்லை.

ஆய்வாளர் பழைய படிவங்களைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். “ஆறு நிமிடம், ஆறு நிமிடம், அஞ்சரை. இதுல நாலுல சரிபார்த்ததா என் கையெழுத்து” என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு எழுத ஆரம்பித்தார். எழுந்து நடக்க முடியாதவர்களை மாடியில் வைக்கக் கூடாது. கீழ்த்தளத்தில் அவர்களுக்கு அறை ஒதுக்கி, சக்கரம் வைத்த கட்டில் போட்டு, வாசல் வரை சரிவுப் பாதை கட்டிய பிறகுதான் மறு ஆய்வு.

“எவ்வளவு நாளாகும் சார்?” என்றார் மேனேஜரம்மா.

“வேகமா செஞ்சா மூணு வாரம்.”

மூன்று வாரம்! பஞ்சுவுக்குத் தலையில் கல் விழுந்தது போல இருந்தது. டாக்டர் சொன்னது இரண்டு வாரம். இந்த வாரம் அதில் ஒன்று.

ஆய்வாளர் போனதும் மேனேஜரம்மா அவளைப் பார்த்துக் கையைக் கூப்பினார். “நல்லா இருங்க பஞ்சக்கா. வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வரேன்னு நீங்கதானே அவர்கிட்ட சொன்னீங்க? போய் நீங்களே சொல்லுங்க. அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆச்சுன்னா…” என்று தொடங்கியவர் முடிக்காமல் உள்ளே போய்விட்டார். கொடுமைக்காரி இல்லை அவர். மூன்று மாதமாகச் சரியாகத் தூங்காதவர். நீதி நியாயம் எல்லாம் சரி, ஆள் இருந்தால்தானே என்று பஞ்சுவுக்கே தோன்றியது. நனைந்த விரிப்புகளைப் பொறுக்கி எடுத்து மறுபடி துவைக்கப் போட்டாள்.

சனிக்கிழமை வரை காத்திருக்க மனசு கேட்கவில்லை. மறுநாள் மத்தியானமே கிளம்பிவிட்டாள். கையில் ரொட்டியும் ஒரு குப்பியில் பாலும். சாப்பிட மாட்டார் என்று தெரிந்தும் எடுத்துப் போனாள், வெறுங்கையோடு போக முடியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது என்று பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரிதான் வந்தது.

அங்கே நீளமான கூடத்தில் இரண்டு வரிசைக் கட்டில்கள். வாசலில் நர்ஸ் அவளைப் பார்த்ததும் அலுத்துக்கொண்டாள். “இன்னிக்கும் ரெண்டு வாய்தான். ஆனா காலையில எந்திரிச்சதும் எடை பாருங்க, எடை பாருங்கன்னு ஒரே நச்சு. எடை காட்டுற நாற்காலியில வச்சுப் பார்த்துச் சொன்னாத்தான் விடுறார். சாப்பிடாத மனுஷனுக்கு எடை எதுக்கு?”

டிரைவர் ஐயா கண்ணை மூடியிருந்தார். தோளில் கட்டு. பஞ்சு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் கண்ணைத் திறந்தார்.

“வெள்ளிக்கிழமை இல்லை ஐயா” என்றாள் அவள். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள், இல்லாவிட்டால் சொல்ல முடியாது. “இன்னும் மூணு வாரமாம். நான்தான் காரணம். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க.”

அவர் திட்டவில்லை. யோசித்தார். “மூணு வாரமா? அதுவும் நல்லதுதான்” என்றார் மெல்ல. குரல் பாதிதான் வந்தது. “இன்னிக்கு எண்பத்தொண்ணு. இன்னும் மூணு வாரத்துல எழுபதுக்கு வந்துடுவேன்.”

“எதுக்கு ஐயா எழுபதுக்கு வரணும்?”

“எழுபதுன்னா நாலு பேர் தாராளமாத் தூக்கலாம்ல? அன்னிக்கு வாட்ச்மேன் பயலோட கை நடுங்கினதைப் பாத்தேன். கிழவனைத் தூக்கப் போய் அவன் விழுந்து செத்திருப்பான். என் கனம் பாரு, என் கனத்தால நாலு குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “முப்பத்தஞ்சு வருஷம் ஒருத்தருக்கும் கீறல் படாம இறக்கி விட்டிருக்கேன் பஞ்சு. கடைசியில நானே பாரமா இருக்கலாமா?”

பஞ்சுவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏக்கமாம், பழகிய இடமாம்! இந்த மூன்று மாதமும் இவர் வேண்டுமென்றே, நாள் கணக்கு வைத்து, ஒரு வாயாகக் குறைத்துக் குறைத்துத் தன்னைத் தூக்க லாயக்காக ஆக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

“கனம் இல்லை ஐயா” என்றாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. “கனமும் இல்லை, நீங்களும் இல்லை. உங்க கால் அந்தத் திருப்பத்துல திரும்பாது. நீங்க நாப்பது கிலோ இருந்தாலும் திரும்பாது. நான் ஒவ்வொரு தடவையும் காலை மடக்கிக்கிட்டேன், அதனால யாருக்கும் தெரியலை. நேத்து எல்லாரும் கண்ணால பாத்தாச்சு. இனி நீங்க மாடியில இல்லை. கீழே, வாசல் பக்கத்து அறை. கட்டிலுக்குச் சக்கரம் வைக்கிறாங்க. ஏதாவது ஆச்சுன்னா ஒருத்தர் பிடிச்சுத் தள்ளினா போதும், நேரா வாசல். உங்களை இனிமே யாரும் தூக்க வேண்டாம்.”

“யாருமேவா?”

“யாருமே.”

“வாட்ச்மேன்?”

“அவனும்தான்.”

அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பி, அனுமதி கேட்கிறவரைப் போலக் கேட்டார்.

“அப்போ நான் சாப்பிடலாமா?”

பஞ்சு ரொட்டியைப் பிய்த்தாள். கண்ணீர் கண்ணை மறைத்தது, பால் கொஞ்சம் கட்டிலில் சிந்திவிட்டது. துடைக்காமல் அப்படியே ஊட்டினாள்.